நீலமணி நெற்றிப்பட்டை

எங்கள் செவலைக் குதிரையின் நெற்றியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழி. அது ஆகாத சுழி என்பார்கள். என் புருஷன் பூந்தமல்லியில் ஜட்கா ஓட்டினார். யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் கரியைப் போட்டு இருமிக்கொண்டு ஓடின. ஜட்காவுக்கு நல்ல கிராக்கி. ஆனால் கல்யாண வீட்டுக்காரர்கள் மட்டும் எங்கள் வண்டியில் ஏறமாட்டார்கள்.

சுழியை மறைக்க அவர் பட்டணம் போய் ஒரு நெற்றிப்பட்டை வாங்கிவந்தார். நாலு விரல் அகலம், சிவப்பு வெல்வெட், வரிசையாகப் பித்தளைக் குமிழ். அழகைப் பார்த்தாரே தவிர அளவைப் பார்க்கவில்லை. பத்தே நாளில் குதிரை தலையை உதற ஆரம்பித்தது. பிறகு முன்னங்காலைத் தூக்கியது. ஒருநாள் ஒரு வாத்தியாரைப் பெட்டியோடு வாய்க்காலில் சாய்த்தது.

ஜட்காக்காரர்களில் வாய் பெருத்த ஒருத்தர் இருந்தார். "மூடி வெச்சா சுழி சொம்மா இருக்குமா மச்சான்? உள்ள இருந்துகினே வேலையக் காட்டுது" என்றார். என் புருஷன் அதை நம்பினார். வெள்ளிக்கிழமை தரகர் வந்து குதிரையை ஓட்டிப் போவதாக முடிவாயிற்று. அது போனால் இவர் அடுத்தவன் வண்டியில் கூலிக்கு உட்காரவேண்டும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புல்லும் கொள்ளும் போடுவது நான். பட்டை அவர் சாமான். தினமும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். விற்பது என்று முடிவான அன்றே நான் அதைக் கழற்றினேன். இரண்டு காதுக்குப் பின்னாலும் தோல் உரிந்து ஈ மொய்த்தது. பட்டையின் நீளம் போதவில்லை. அது காதுக்குப் பின்னால் போகும் தலைவாரை முன்னால் இழுக்க, அந்த வார் காதின் அடியை அறுத்திருந்தது. பட்டையின் உள்பக்கம் புளியும் வேர்வையும் சேர்ந்து பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது.

"யோவ், இங்க வா. இன்னா இது?"

"சுழிதான் மே..."

"சுழி காதுக்குப் பின்னால வந்து கடிக்குமா?"

நான்கு நாள் வண்டி பூட்டவிடாமல் புண்ணுக்கு வேப்பெண்ணெய் போட்டேன். புதுப் பட்டைக்காக ஒரு காதிலிருந்து மறு காதுவரை நெற்றியோடு நூல் பிடித்து அளந்து, பக்கத்துக்கு ஒரு விரல் கூடுதலாக விட்டேன். பழைய கடிவாள வாரைக் கட்டைவிரல் அகலத்துக்கு நறுக்கி, ஓரத்தைக் கண்ணாடிச் சில்லால் சீவி, விளக்கெண்ணெய் தேய்த்தேன். செவலைக்கு நீலம் எடுப்பாக இருக்கும் என்று வளையல்காரரிடம் நீலமணி வாங்கி, முடிச்சு ஒன்றுகூடத் தோலில் உரசாதபடி தைத்தேன்.

"சுழி தெரியுதே மே" என்றார்.

"தெரியட்டும். அதும் மூஞ்சி அது."

வெள்ளிக்கிழமை நானே குதிரையை வண்டியில் பூட்டி, தரகர் வந்திருந்த வண்டிப்பேட்டைக்குப் பிடித்துக்கொண்டு போனேன். வாய் பெருத்தவர் சிரித்தார். "இன்னாம்மே, தரகருக்குக் குடுக்கச் சொல்லோ சிங்காரிச்சுகினு வர்றே?"

நான் தரகரிடம் சொன்னேன்: "ஆவடி டேசன் வரைக்கும் ஏறி உக்காரு அண்ணாத்தே. ஒரு தபா தலைய ஒதறுச்சுன்னா இட்டுகினு போ."

வேடிக்கை பார்க்க வாய் பெருத்தவரும் ஏறிக்கொண்டார். என் புருஷன் ஓட்ட, நானும் பின்னால் உட்கார்ந்தேன். ஆவடியில் பட்டாளத்து லாரிகள் காதருகே ஹாரன் அடித்துப் போயின. குதிரை காதைத் திருப்பியது, அவ்வளவுதான். போனபோதும் வந்தபோதும் தலை ஒரே நேராக நின்றது.

"இத்த ஏம்மா விக்கிறே?" என்றார் தரகர்.

"நான் எங்க வித்தேன்? இவரு வித்தாரு. இப்ப இல்ல."

என் புருஷன் கடிவாளத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். வாய் பெருத்தவர் இறங்கி நேராகத் தன் குதிரையிடம் போனார். அதற்கும் குமிழ் வைத்த அகலப் பட்டைதான். அடியில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. எல்லாரும் பார்க்கத் திரும்பி வந்தார்.

"அந்த அளவு நூலு ஊட்டுல இருக்குதாம்மே?"

"கீது. வேப்பெண்ணெயும் சேத்து எடுத்தாறேன்."

அன்றிலிருந்து பட்டை என் பொறுப்பு. வண்டி வந்ததும் ஈரத்துணியால் வேர்வையைத் துடைத்து நிழலில் காயவைப்பேன். புளியை ரசத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அடுத்த முகூர்த்தத்தில் அந்த வாய் பெருத்தவர் மகளே எங்கள் வண்டியில்தான் கல்யாணத்துக்குப் போனாள், சுழி இரண்டும் ஊருக்கே தெரிய.