கொழுந்தனாரின் கூரையில்லாத கார்

இன்று எங்கள் வீட்டுக்குப் புதுக் கார் வந்தது. பாகங்களைப் பெட்டி பெட்டியாக வரவழைத்து, பிள்ளைப்பாக்கம் ஷெட்டில் என் கொழுந்தனார் தானே பூட்டிய ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, கதவு கிடையாது, இரண்டே சீட்டு.

ஓட்டி வரவில்லை. லாரியில் ஏற்றி வந்தார். ஒரகடம் ரோட்டுப் பள்ளத்தில் அடிப்பாகம் தட்டுமாம்.

பத்து மணிக்கு மாமியாருக்கு மூட்டு டாக்டர். வழக்கமாகக் கூட்டிப்போகும் பழைய காரை விற்றுத்தான் இந்த ராஜரதம் வந்திருக்கிறது.

"இன்னாம்மா யோசிக்கிற? காலத் தூக்கி உள்ள வெச்சு உக்காரு."

"காலத் தூக்க முடிஞ்சா டாக்டராண்ட ஏன்டா போறேன்?"

கொழுந்தனார் என்னிடம் திரும்பினார். "வண்டி வெயிட்டே இல்ல அண்ணி. நாலு பேரு தூக்கிடலாம்."

"நாலு பேரு தூக்குறது பெருமாளத்தான் தம்பி. அவருக்கே மேல கொடை பிடிப்பாங்க" என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, தூறல் போட்டது. பெற்ற தாயை வாசலில் விட்டுவிட்டுக் காருக்குத் தார்ப்பாய் போர்த்த ஓடினார்.

காரை இறக்கி முடித்த லாரி டிரைவர்தான், "ஆயா, நீ முன்னாடி ஏறு, நான் வுட்டுர்றேன்" என்றார். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு ஏற்றினோம். டாக்டரைப் பார்க்கும்வரை காத்திருந்து, வீட்டு வாசலில் கொண்டுவந்தும் விட்டார்.

உள்ளே நுழைந்ததும் கொழுந்தனார் கேட்டார்: "அண்ணி, வண்டிக்கு பூஜை போடணும். எலுமிச்சம்பழம் கீதா?"

நான்கு இருந்தன. நான்கையும் ஜூஸ் பிழிந்து லாரி டிரைவருக்குக் கொடுத்தேன்.

சாமி குத்தமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.