ஜெயந்தினியின் காம்பராவில் ஓடிய பஸ்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் குடும்பத்துக்கு ஒரு காம்பரா, வரிசையாக. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டிய வெள்ளைக்காரனுக்குக் கல் தீர்ந்துபோயிற்றோ, தோட்டத்து ஆட்களுக்கு ரகசியம் எதற்கு என்று நினைத்தானோ தெரியாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழுப்பிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டான். அதற்கு மேலே எல்லோருக்கும் ஒரே கூரை, ஒரே இருட்டு, ஒரே புகை. முதல் காம்பராவில் கடுகு தாளித்தால் கடைசிக் காம்பராவில் தும்முவார்கள். ஒருவன் கண்ட கனவின் பிற்பாதியை அடுத்த காம்பராக்காரன் பார்த்த கதைகூட உண்டு. நம்பாதவர்கள் லிந்துலைக்கு வந்து ஒரு நாள் படுத்துப் பார்க்கலாம்.

இப்படிப்பட்ட லயத்தின் தொங்கலில், அதாவது கடைசிக் காம்பராவில், சத்தமே இல்லாமல் ஒருத்தி வாழ்ந்தாள். அவள்தான் ஜெயந்தினி.

முன்பு அந்தக் காம்பராதான் லயத்திலேயே அதிகச் சத்தம் போட்டது. அவள் அம்மா பேச்சியம்மாவுக்கு அப்படி ஒரு தொண்டை. பேச்சியம்மா மலையில் நின்று இருமினால் ஃபெக்டரியில் கொழுந்து வாடும் என்பார்கள். அம்மாவும் மகளும் உப்புக்குச் சண்டை, விறகுக்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதற்கும் சண்டை. அம்மா செத்துப்போனாள். கருமாதி முடிந்தது. கொழும்பில் ஹோட்டலில் வேலை செய்கிற தம்பி தர்ஷன் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டான். அன்றிலிருந்து ஜன்னலைத் திறந்தாலும் கேட்பாரில்லை, மூடினாலும் கேட்பாரில்லை.

லயத்துப் பெண்கள் கெட்டவர்கள் இல்லை. ஜெயந்தினி மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள் இல்லை என்பதுதான் விஷயம். காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது ஒரு பேச்சு, கொழுந்து நிறுக்கும்போது ஒரு பேச்சு, பீலிக்கரையில் குளிக்கும்போது ஒரு பேச்சு என்றுதான் இங்கே சிநேகம் வளரும். அவளோ நுவரெலியாவில் ஹலீம் நானாவின் கடையில் போன் திருத்துகிறவள். மற்றவர்கள் பெரட்டுக்கு இறங்கும்போது அவள் பஸ்ஸுக்கு ஓடுவாள். அவள் திரும்பும்போது மற்றவர்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள். நாற்பது வயதுக்காரிக்கு வீட்டில் பேச ஒரு பூனைகூட இல்லை. ஒன்று வந்தது, பேச்சியம்மா இல்லாத வீட்டில் திருடுவதில் சுவாரசியம் இல்லை என்று போய்விட்டது.

அப்போதுதான் அந்தப் பிளேயர் அவள் கைக்கு வந்தது. உள்ளங்கை அளவில், நடுவே வட்டச் சக்கரம் வைத்த பழைய பாட்டுப் பிளேயர். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு மறந்துபோனது. கடையின் கழிவுப் பெட்டிக்குள் வருஷக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"அத என்னத்துக்கு புள்ள நோண்டுறீங்க?" என்றார் ஹலீம் நானா. "அதுக்கு இப்ப பார்ட்ஸும் இல்ல, பாவிக்கிற ஆக்களும் இல்ல."

"சும்மாதான் நானா. சக்கரம் நல்லா சுத்துது."

"சக்கரம் சுத்துறதுக்கு ஒரு சைக்கிள வாங்குங்களேன்."

அவள் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். ஊதிப்போன பேட்டரியை எடுத்துவிட்டுப் புதிது வைத்தாள். உள்ளே பாட்டுகளைச் சேர்த்து வைக்கும் சுழல்தட்டைக் கழற்றிவிட்டு ஒரு மெமரி கார்டைச் செருகினாள். பிறகு பெரிய வேலை: கம்பெனிக்காரன் கொடுத்த ஃபர்ம்வேரை, அதாவது பிளேயரின் மூளையை, அழித்துவிட்டு வேறொன்றை ஏற்றினாள். உலகம் முழுக்க இருக்கிற பொழுதுபோகாதவர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிற மூளை அது. கம்பெனி மூளை சொன்னபடிதான் கேட்க வேண்டும். இது நாம் சொன்னபடி கேட்கும்.

முதலில் தீம், அதாவது திரையின் தோற்றம், செய்தாள். சின்னத் திரைக்குள் புள்ளி புள்ளியாக ஒரு மலையை வரைந்தாள். பேட்டரி எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்ட ஒரு கொழுந்துக் கூடை. சார்ஜ் இருந்தால் கூடை நிரம்பி வழியும், இறங்க இறங்கக் கொழுந்து குறையும். பாட்டு எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று காட்ட, மலையைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரு ரோடு. ரோட்டில் ஒரு சிவப்பு பஸ். பாட்டு தொடங்கும்போது பஸ் அடிவாரத்தில் நிற்கும், முடியும்போது உச்சிக்குப் போய்ச் சேரும். அவ்வளவு அழகாக இருந்தது. காட்டுவதற்குத்தான் ஆளில்லை.

அந்த மூளைக்கு இன்னொரு வித்தை தெரியும். பேசும். கண் தெரியாதவர்களுக்காக, எந்தப் பொத்தானை அமுக்கினாலும் அது இன்னதென்று வாய் திறந்து சொல்லும். அது தெரிந்ததும் ஜெயந்தினி பாட்டையே மறந்துவிட்டாள். பாட்டு யாரோ யாருக்கோ பாடுவது. இதுவோ தன் கை பட்டதும் தனக்குப் பதில் சொல்கிற குரல். காம்பராவுக்குள் ஒரு குரல். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அதோடு வந்த குரல் மூக்கடைத்த ஆங்கிலக்காரியுடையது. அதை நீக்கிவிட்டுத் தன் குரலிலேயே பதிந்து ஏற்றினாள். ஒரு நாள் கேட்டாள். தானே சொல்லித் தானே கேட்பது பைத்தியக்காரத்தனமாக இருந்தது. ஹலீம் நானாவைக் கேட்டுப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமி, நிமிர்ந்து உட்கார்ந்து, "அடுத்த பாடலுக்குச் செல்லவும்" என்று பள்ளிவாசலில் மையித்து அறிவித்தல், அதாவது சாவுச் செய்தி, வாசிக்கிற மாதிரிச் சொன்னார். அதற்கு ஆங்கிலக்காரியே தேவலை.

குரல் ஒரு மழை நாளில் பஸ்ஸுக்குள் கிடைத்தது.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஓடுகிற அந்த பஸ்ஸின் கொண்டக்டர் அழகன். பெயரில் மட்டும்தான் அழகன். மற்றபடி தொப்பையும் வழுக்கையும், நானுஓயாவில் ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். ஆனால் குரல்! "இஸ்ஸரஹட யன்ன, முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க" என்று இரண்டு பாஷையிலும் அவர் கத்தினால், ஏற்கெனவே முன்னால் நிற்பவர்கள் எஞ்சினுக்குள்ளேயே போய்விடுவார்கள். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஜெயந்தினி திடுக்கிட்டாள். முன்னுக்குப் போங்க. பின்னுக்கு வாங்க. ஏறுங்க ஏறுங்க. நிப்பாட்டுங்கண்ணே, எறக்கம் இருக்கு. பிளேயருக்கு வேண்டிய அத்தனை சொல்லையும் இந்த மனுசன் தினம் தினம் கொட்டிக்கொண்டிருக்கிறாரே!

அன்றிலிருந்து போனைப் பையின் வாய்க்கருகே வைத்துக்கொண்டு பதிந்தாள். கேட்டுவிட்டுப் பதிந்திருக்கலாம். எப்படிக் கேட்பது? "உங்க கொரல் எனக்கு வேணும்" என்று ஒரு கல்யாணமாகாதவள் ஒரு கொண்டக்டரிடம் கேட்டால், பஸ் அடுத்த வளைவு திரும்புவதற்குள் கதை தலவாக்கலைக்குப் போய்விடும்.

அடுத்த பாட்டுக்கு "முன்னுக்குப் போங்க" வைத்தாள். முந்தைய பாட்டுக்கு "பின்னுக்கு வாங்க". சத்தம் கூட்ட "ஏறுங்க", குறைக்க "பாத்து எறங்குங்க". பாட்டை நிறுத்த "நிப்பாட்டுங்கண்ணே, எறக்கம் இருக்கு". பேட்டரி சாகும் நேரத்துக்கு "இதான் கடைசி பஸ், இதுக்குப் பொறகு இல்ல". பிளேயரைப் போட்டதும் முதலில் கேட்பதற்கு மட்டும் தனியாக ஒன்றை எடுத்து வைத்தாள். அவள் சந்தியில் நிற்கும்போது அவளைப் பார்த்து அழகன் தினமும் சொல்கிற வசனம்: "ஏறுங்க தங்கச்சி, எடம் இருக்கு."

இடம் இருந்ததே இல்லை என்பது வேறு விஷயம்.

வேலை முடிந்து வந்து, விளக்கைப் போட்டு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, சின்ன ஸ்பீக்கரில் பிளேயரைச் செருகுவாள். "ஏறுங்க தங்கச்சி, எடம் இருக்கு." ஜெயந்தினி சிரிப்பாள். சிலநாள் பாட்டே கேட்கமாட்டாள். பொத்தானை மட்டும் அமுக்கிக்கொண்டிருப்பாள். முன்னுக்கு, பின்னுக்கு, முன்னுக்கு.

சுவருக்கு அந்தப் பக்கம் நாகலெட்சுமி. இரண்டு காதும் இருக்க, சுவரே மூன்றாவது காதாக வாய்த்தவள். அவள் நேராகத் தோட்டத்துத் தலைவர் பொன்னையாவிடம் போனாள்.

"தலைவரே, தொங்கலுக்கு ஒரு ஆம்பள வாறான்."

"யாரு பாத்தா?"

"பாக்கல. கேட்டேன். 'ஏறுங்க தங்கச்சி, எடம் இருக்கு'ங்கிறான்."

"எதுல ஏறச் சொல்றான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? காம்பராவுல ஏர்றதுக்கு என்ன கெடக்கு, கட்டில்தான்!"

"தங்கச்சிங்கிறானே?"

"அது நமக்குக் கேக்கணும்னு சொல்ற தங்கச்சி. பொறகு 'முன்னுக்குப் போங்க, பின்னுக்கு வாங்க'ங்கிறான். எனக்குக் காதுல பஞ்சு வைக்கணும் போல ஆயிருச்சு."

"வச்சியா?"

"எங்க வச்சேன்! பஞ்சு இல்ல."

ஒரு பௌர்ணமிப் போயா லீவு நாளில் பொழுது சாயும் நேரம். பொன்னையா முன்னால், நாகலெட்சுமி பின்னால், அவளுக்குப் பின்னால் பாதி லயம். கதவுக்கு வெளியே எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். உள்ளே இருந்து, "நிப்பாட்டுங்கண்ணே, எறக்கம் இருக்கு" என்றது ஓர் ஆண் குரல்.

"எறங்கி ஓடப் போறான்!" என்று நாகலெட்சுமி கத்தினாள். பொன்னையா கதவைத் தட்டினார். திறந்தது. கூட்டம் உள்ளே பாய்ந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள், விறகுக்குப் பின்னால் பார்த்தார்கள். ஒருத்தி அரிசிப் பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். ஆம்பளை எந்த அளவில் வருவான் என்று நினைத்தாளோ!

"எங்க அவன்?"

ஜெயந்தினி மேசையிலிருந்த பிளேயரின் பொத்தானை அமுக்கினாள்.

"முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க!"

சத்தியமாகச் சொல்கிறேன், பொன்னையா ஓர் அடி முன்னுக்குப் போனார். பின்னால் நின்ற அத்தனை பேரும் போனார்கள். எத்தனை வருஷத்துப் பழக்கம்!

பிறகு எழுந்த சிரிப்பில் கூரைத் தகரம் ஒரு சாண் தூக்கிக்கொண்டது. "அட, நம்ம அழகன்டா!" ஆளாளுக்கு வாங்கி அமுக்கினார்கள். கூடையைப் பார்த்தார்கள், பஸ்ஸைப் பார்த்தார்கள். "இந்தக் கூடைக்குக் கொழுந்து நிறுக்கிறது யாரு?" என்று கேலி செய்தார்கள். ஜெயந்தினி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பை போதாமல் போத்தல் மூடியில்கூட ஒருவர் குடித்தார். கருமாதிக்குப் பிறகு அந்தக் காம்பராவில் ஆட்கள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அவர்கள் போன பிறகு பாயைத் தட்டாமல், கோப்பைகளைக் கழுவாமல் அப்படியே வைத்திருந்தாள்.

மறுநாள் யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று.

கதை மட்டும் அவளுக்கு முன்னால் பஸ் ஏறிவிட்டது. சந்தியில் பஸ் நின்றது. அழகன் அவளைப் பார்த்தார். ஏறுங்க என்று சொல்லவில்லை. அவள் ஏறியதும் பஸ்ஸின் பலகையில் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ்ஸுக்குள்ளும் கத்தவில்லை; ஆட்களைத் தோளில் தொட்டு நகர்த்தினார். பின் ஸீட்டிலிருந்து ஒருவன், "ரெக்கோட் ஆவுதுண்ணே, பாத்துப் பேசுங்க!" என்றான். பஸ் சிரித்தது. நுவரெலியா வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வாரம் முழுவதும்.

ஒருநாள் மாலையில் கூட்டம் குறைவாக இருந்தபோது அவள் ஸீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. வீட்டுல சம்சாரம் மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குது. நம்ம கொரலு ஒரு பொம்பளப் புள்ள காம்பராவுல என்னா செய்யிதுங்குது. பஸ்ஸுலயும் வாயத் தொறக்க ஏலாது. எனக்கு இந்த வாய்தான் பொழப்பு. அழிச்சிருங்க."

"நான் கேட்டிருக்கணும்ணே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா அதுக்கு ஏன் பஸ்ஸு கொரலு? வீட்டு ஆளுக கொரல வைக்கிறது தானே?" என்றார்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு அது விளங்கிவிட்டது போலிருந்தது. மெதுவாக முன்னால் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிளேயரைத் தன் பழைய கணினியில் செருகி ஒவ்வொன்றாக அழித்தாள். "ஏறுங்க தங்கச்சி" கடைசியாக நின்றது. அதை மட்டும் யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டால் என்ன? சத்தத்தைக் குறைத்து, காதுக்குள் மாட்டிக் கேட்டால் எந்தச் சுவருக்குத் தெரியும்? கை அதிலேயே நின்றது. பிறகு, பலகையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வாயை மூடி நின்ற அழகனின் முகம் ஞாபகம் வந்தது. கடைசியாக ஒருமுறை கேட்டுக்கூடப் பார்க்காமல் அதையும் அழித்தாள்.

பிளேயரைப் போட்டாள். அது ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பழைய பாட்டு ஓடியது. திரையில் சிவப்பு பஸ் கொண்டக்டர் இல்லாமல் மலையேறியது. வெளியே மூடுபனி கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து, கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்துகொண்டது. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

"புள்ள ஜெயந்தினி."

சுவருக்கு மேலிருந்து நாகலெட்சுமியின் குரல் வந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சுவர் வழியாக அவள் பெயரை யாரும் கூப்பிட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"என்னக்கா?"

"இன்னைக்கி பஸ்ஸு வரலியா?"

"இல்லக்கா. இனிமே வராது."

அந்தப் பக்கம் ஏதோ கரண்டிச் சத்தம். பிறகு அடுப்பை ஊதும் சத்தம்.

"பாட்டு மட்டுமா ஓடுது?"

"ஆமாக்கா."

"இந்தப் பாட்டு ஒரே இழுவையா இருக்கு புள்ள. நான் ரொட்டி சுடவேணாமா? முன்னுக்குப் போ."

ஜெயந்தினி பொத்தானை அமுக்கினாள். பஸ் அடிவாரத்துக்குத் திரும்பி, மறுபடியும் ஏறத் தொடங்கியது.