கழுத்தில்லாமல் வந்து சேர்ந்த குதிரை

எங்கள் வீட்டில் யாருமே குதிரையை நேரில் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து போய்த்தான் அப்பா, கோயிலுக்கு ஒரு குதிரை செய்து தருவதாகக் கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

எனக்கு அப்போது எட்டு வயது. புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அப்பா தச்சர். கதவு, ஜன்னல், கோழிக்கூடு, இவைதான் அவருடைய வேலை. எங்கள் கோயிலில் முனீஸ்வரர் ஊர்வலம் போவதற்கு ஒரு மரக்குதிரை இருந்தது. வெளியே பளபளவென்று வெள்ளைச் சாயம், உள்ளே முழுக்கக் கறையான். முந்தின வருடத் திருவிழாவில் பாதி வழியில் அதன் வயிறு மட்டும் தனியாகக் கழன்று விழுந்துவிட்டது. மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தவில்லை. நாங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் வயிற்றைத் தூக்கிக்கொண்டு குதிரைக்குப் பின்னாலேயே நடந்தோம். எனக்குத் தெரிந்து அதுவரை நடந்த திருவிழாக்களிலேயே அதுதான் சிறந்தது.

பெரியவர்கள் அப்படி நினைக்கவில்லை. இந்த வருடம் வாடகைக்கு ஒரு ஃபைபர் குதிரை எடுத்துவிடலாம் என்று கோயில் தலைவர் சொன்னார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அப்போதுதான் அப்பா எழுந்தார். அதற்கு முன்னால் அவர் கூட்டத்தில் எழுந்ததெல்லாம் நாற்காலிகளை மடக்கி அடுக்குவதற்காக மட்டும்தான்.

“நாமளே செஞ்சிரலாங்க.”

“நாமளேன்னா யாருப்பா?” என்றார் தலைவர்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். “நானு, என் மச்சினன், அப்புறம் நம்ம படகுத் தவுக்கே.”

சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. “சரி, திருவிழாவுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நானே வந்து பாப்பேன். சாமி ஏறுற மாதிரி இருந்தா எடுத்துக்குவோம். இல்லேன்னா வாடகைக் குதிரைதான். அப்புறம் மனசு சங்கடப்படக் கூடாது” என்றார்.

வீட்டுக்கு வந்து அப்பா விஷயத்தைச் சொன்னதும் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“குதிரைக்கு எத்தன காலுன்னாவது தெரியுமா?”

“நாலு.”

“பரவால்லயே, பாதி வேலை முடிஞ்சிருச்சு.”

அப்பா சொன்ன மற்ற இரண்டு பேரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாமா அம்மாவின் தம்பி. செரண்டாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லோரிகளுக்குப் படம் எழுதுவார். அவர் வரைந்த கழுகும் தாமரையும் வடக்கே போகும் சாலையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. படகுத் தவுக்கே, அதாவது படகு முதலாளி, பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிப் படகு கட்டும் சீனர். எனக்கு அவர் அங்கிள். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், அதனால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சீனத்துக்குப் போய்விடுவார். குதிரை செய்யத் தெரியுமா என்று அப்பா கேட்டதற்கு அவர், “குதிரையும் படகும் ஒண்ணுதான் லா தம்பி. ரெண்டுலயும் ஆளு ஏறணும், ரெண்டும் கவுறக் கூடாது” என்றார்.

மூன்று பேரும் மூன்று ஊர். ஆகவே கைப்பேசியிலேயே வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். கால்களும் சக்கரப் பலகையும் அப்பாவுக்கு. உடம்பு அங்கிளுக்கு. தலை மாமாவுக்கு. பிடரிமயிரும் வாலும் ராஃபியா என்ற பிளாஸ்டிக் கயிற்றைக் கிழித்துச் சீவி அம்மா செய்வதாக ஏற்பாடு.

அப்பா என் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருந்த குதிரைப் படத்தை ஒரு வாரம் வைத்திருந்தார். அந்தக் குதிரை முட்டிவரை உயர்ந்த புல்லுக்குள் நின்றது. புல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாததால், பக்கத்து வீட்டுப் பசுவின் காலை அளக்கப் போனார். பசு ஒரு முறைதான் அளக்க விட்டது. இரண்டாம் முறை உதைத்தது. “ஒரு தடவை போதும்” என்று நொண்டிக்கொண்டே வந்து வேலையை ஆரம்பித்தார்.

மாமா ஒருநாள் விட்டு ஒருநாள் போன் செய்வார். “மச்சான், தலை பிரமாதமா வருது. பல்லு மட்டும் எப்படி வைக்கிறதுன்னு ரெண்டு நாளா முழிச்சேன். அப்புறம் எங்க சூப்பர்வைசர் வாயத் தொறந்து கத்தினாரு பாருங்க, அப்படியே கெடச்சிருச்சு. படம் அனுப்ப மாட்டேன். நேர்லதான் பாக்கணும்.” அங்கிளும் அப்படித்தான். உடம்பின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்திருந்தார். அப்பாவும் கால்களைக் கோணிக்குள் ஒளித்து வைத்தார். மற்ற இருவரையும் அசத்த வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஆசை. ஆகையால் ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்கவே இல்லை.

தலைவர் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, எல்லாரும் ஆற்றங்கரையில் இருந்த அங்கிளின் படகுப் பட்டறையில் கூடினோம். மாமா மோட்டார் சைக்கிளில் வந்தார். பின் சீட்டில் குதிரைத் தலை பின்னோக்கிப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்தது. அதற்கு ஹெல்மெட் மாட்டியிருந்தார்.

“எதுக்குடா அதுக்கு?” என்றார் அம்மா.

“வழியில போலீஸ் நின்னா? பின்னாடி உக்காந்திருக்கிறவனுக்கு ஹெல்மெட் எங்கன்னு சம்மன் எழுதிட்டான்னா?”

தார்ப்பாயை எடுத்தார்கள். உடம்பு அழகான உடம்பு. பலகைகள் வளைந்து வளைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. எங்கே ஆணி இருக்கிறது என்று தடவிப் பார்த்தாலும் தெரியவில்லை. அப்பாவின் கால்களை வைத்ததும் கச்சிதமாகப் பொருந்தின. மூன்று பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். பிறகு மாமா தலையைத் தூக்கிக்கொண்டு குதிரையின் முன்பக்கம் போனார். அங்கேயே நின்றார்.

தலை காதுக்குப் பின்னால் முடிந்துபோயிருந்தது. உடம்பு தோளில் முடிந்துபோயிருந்தது.

“கழுத்து எங்க தவுக்கே?” என்றார் மாமா.

“கழுத்து தலையோடதான வரும்?”

“அது உடம்போட வரும்னு நான் நெனச்சேன்.”

இருவரும் அப்பாவைப் பார்த்தார்கள். “நான் காலு” என்றார் அப்பா.

ஒரு முயற்சியாகத் தலையை நேராகத் தோளிலேயே வைத்துப் பார்த்தார்கள். ஆமை ஒன்று வாசலுக்கு வந்து யார் என்று கேட்பதுபோல் இருந்தது. அம்மா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ராஃபியா கட்டு அவிழ்ந்து தரையெல்லாம் பரவியது. மாமாவும் சிரித்தார். அங்கிள் சீனத்தில் என்னவோ சொல்லிவிட்டு அவரும் சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. மரக்குவியலில் போய் உட்கார்ந்து, ரம்பத்தை மடியில் வைத்துக்கொண்டு அதன் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாளைக்கு அவரு வருவாரு. நான்தான எந்திரிச்சு நின்னு சொன்னேன்” என்று மட்டும் சொன்னார். அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

அதன் பிறகு எதை எதையோ வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய் வைத்தார்கள், ஒட்டகச்சிவிங்கி வந்தது. பலகையை அடுக்கினார்கள், தலை குடைசாய்ந்து சேற்றில் விழுந்தது. மாமாவும் அங்கிளும் நீதான் காரணம், நீதான் காரணம் என்று சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

“சண்டைய அப்புறம் போடுங்க. தலை சேத்துல கெடக்குது, சாயம் போயிரும்” என்று அம்மா தலையைத் தூக்கினார். வைக்க ஈரமில்லாத இடம் தேடினார். கரையோரத்தில் ஒரு பழைய சம்பான், அதுதான் சின்னத் துடுப்புப் படகு, பாதி புதைந்து கிடந்தது. அதன் மூக்கு மட்டும் வளைந்து மேல்நோக்கி நீண்டிருந்தது. அம்மா தலையை அதன்மேல் மாட்டிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

மாமாதான் முதலில் பார்த்தார். “அக்கா! அத எடுக்காத! யாரும் எடுக்காதீங்க!”

எல்லாரும் திரும்பினோம். சேற்றுக்குள்ளிருந்து ஒரு குதிரை எழுந்து வந்துகொண்டிருந்தது. கழுத்தை வளைத்து, பல்லைக் காட்டி, இதோ வந்துவிட்டேன் என்பதுபோல் நின்றது.

அங்கிள் அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். அது அவர் சொந்தமாகக் கட்டிய முதல் சம்பான் என்று அப்பாவுக்குத் தெரியும். விறகுக்குக் கேட்டவர்களை எல்லாம் அவர் விரட்டியிருக்கிறார்.

“வேணாம் தவுக்கே. அது உங்க படகு” என்றார் அப்பா.

அங்கிள் பட்டறைக்குள் போனார். பெரிய ரம்பத்தோடு திரும்பி வந்தார். “அஞ்சு வருசமா சும்மா படுத்துகிட்டு வானத்தையே பாத்துகிட்டு இருக்கு. எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது லா. புடிங்க அந்தப் பக்கம்.”

அப்போதுதான் மூன்று பேரும் ஒரே மரத்தில் கை வைத்தார்கள். அங்கிள் அறுத்தார், அப்பா பொருத்து வெட்டினார், மாமா கண்ணை ஒரு பக்கம் மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம் கீழே என்றார். ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை இன்னொருவர் முடித்தார். அம்மா மயிரை வைத்துத் தைத்துக்கொண்டே, “பின்னங்காலு ரெண்டையும் ஒரு விரக்கட பின்னாடி தள்ளுங்க, நிக்க மாட்டாம நிக்குது” என்றார். தள்ளினார்கள். குதிரை நிமிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் வெள்ளைச் சாயம் காய்ந்துவிட்டது. மாமா கண் எழுதப் போகும்போது அங்கிள் தூரிகையைப் பிடுங்கிக்கொண்டார். “கண்ணு நான்தான். கண்ணு இல்லாத படகு கரைக்கு வந்து சேராது.” படகின் மூக்கில் வைப்பதுபோலவே பெரிய வட்டக் கண்களாக இரண்டு வைத்தார். “குதிரைக்கு மீன் பாக்கிற கண்ணு” என்று மாமா முணுமுணுத்தார். ஆனால் கண் வைத்ததும் குதிரைக்கு யாரோ நல்ல செய்தி சொன்னதுபோல் ஆகிவிட்டது.

சாயங்காலம் தலைவர் வந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குதிரையைச் சுற்றினார். கழுத்தைத் தடவினார். காலைக் கொஞ்சம் உதைத்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“யாரோட யோசனை இது?”

அப்பா மாமாவைக் காட்டினார். “இவன்தாங்க கண்டுபிடிச்சான்.” மாமா அவசரமாக, “நான் இல்லீங்க, தவுக்கேதான்” என்று கையை நீட்டினார். அங்கிள், “எனக்கு ஒண்ணும் தெரியாது லா. இந்த அம்மாதான்” என்றார். அம்மா அப்பாவைக் காட்டி, “எல்லாம் இவருதாங்க” என்றார்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏனென்றால் அந்த வாரம்தான் எங்கள் வகுப்பு மீன்தொட்டி உடைந்திருந்தது. யார் செய்தது என்று வாத்தியார் இதே குரலில்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற நாங்கள் நாலு பேரும் இப்படியேதான் ஒருவரை ஒருவர் காட்டினோம். நாலு பேருக்கும் கையில் பிரம்படியும், அப்புறம் வெயிலில் நிற்கும் தண்டனையும் கிடைத்தன. இப்போது என் வீட்டார் எல்லாரும் வரிசையாக வெயிலில் நிற்கப் போவதை நினைத்துப் பார்த்தேன். முக்கியமாக அம்மா.

நான் முன்னால் போனேன்.

“நான்தாங்க ஐயா. எல்லாம் நான்தான் செஞ்சேன். இவங்க சும்மா கூட இருந்தாங்க” என்று சொல்லி, அடி வாங்குவதற்கு வசதியாக வலது கையை நீட்டினேன். கண்ணீர் கொட்டியது.

தலைவர் என்னையும் என் கையையும் பார்த்தார். அவருடைய தோள் லேசாகக் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. கொண்டு வந்திருந்த பையிலிருந்து சரிகைத் துண்டு ஒன்றை எடுத்தார்.

“ஒரு துண்டுதான் கொண்டாந்தேன். யாருக்குப் போடுறதுன்னு முழிச்சுகிட்டு இருந்தேன். நல்ல வேளை, ஆளு கெடச்சிட்டான்” என்று என் கழுத்தில் போட்டார். துண்டு தரையைத் தொட்டது. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மரக்குவியலில் எதையோ தேடினார்.

திருவிழா அன்று குதிரை போன போக்கை எப்படிச் சொல்வது! சாமி மேலே நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, ராஃபியா பிடரி காற்றில் பறக்க, இரண்டு வட்டக் கண்ணும் சாலையையே பார்த்துக்கொண்டு போயின. மாமா உறுமி மேளத்துக்கு ஆடினார். அங்கிள் வேட்டி கட்டிக்கொண்டு வந்து, ஒரு கையால் வேட்டியையும் ஒரு கையால் குதிரையையும் பிடித்தபடி நடந்தார். வழிநெடுக எதுவுமே கழன்று விழவில்லை. பிள்ளைகளுக்கு அது மட்டும்தான் ஒரு குறை.

நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். “ஏன்ப்பா, நாலு பேரும் ஒருத்தர ஒருத்தர் மாட்டிவிட்டீங்க?”

அப்பா முதலில் விழித்தார். அப்புறம் சிரித்தார், சிரித்துக்கொண்டே போய் மாமாவின் காதில் சொன்னார். மாமா அங்கிளிடம் சொன்னார். அங்கிள் வேட்டியை விட்டுவிட்டுச் சிரித்து, பிறகு அவசரமாகப் பிடித்துக்கொண்டார். அம்மா மட்டும் என் தலையைத் தடவினார். ஆனால் கேட்ட கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

எனக்குக் கோபமாக வந்தது. அவர்கள் விரலை நீட்டியது எதற்காக என்று நான் தெரிந்துகொள்ள இன்னும் எத்தனையோ வருடம் இருந்தது. நாலு பேரையும் அடியிலிருந்து காப்பாற்றியவன் நான், ஒருவராவது ஒரு நன்றி சொல்ல வேண்டாமா என்று நினைத்துக்கொண்டு, துண்டை மிதித்து மிதித்துத் தடுக்கியபடி, அந்தக் குதிரைக்குப் பின்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே நடந்தேன்.