கடலுக்குப் போகாத நாளின் பக்கம்

செங்கல்பட்டிலிருந்து பொத்தேரிக்கு மின்ரயிலில் உட்கார இடம் கிடைத்தாலும் நான் வாசலோரம் நின்றுகொண்டுதான் போவேன். உட்கார்ந்தால் கால் அடங்கும், மனசு அடங்காது. பொத்தேரியில், மாணவர்களுக்குப் பரோட்டா போடும் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். சின்ன வியாபாரங்களுக்கு இணையதளம் செய்து கொடுப்போம். ஒரு ரிசார்ட், ஒரு டைல்ஸ் கடை, ஒரு கல்யாண மண்டபம். பிறகு, கோவளத்தில் மீன் விற்கும் ஒருத்தி. என் வயதுக்காரி.

அவளுடைய பக்கத்தை எழுதியது நான். அதன் டெம்ப்ளேட், அதாவது மாறாத வாக்கியங்களும் நடுநடுவே காலி இடங்களும் கொண்ட அச்சு, என் கையால் ஆனது. படகு கரை ஏறியதும் அவள் போனில் சங்கரா, நண்டு, வஞ்சிரம் என்று தட்டுவாள். அவை அந்தக் காலி இடங்களில் போய் அமரும். கேளம்பாக்கத்து அடுக்குமாடி வீடுகளில் பார்த்து ஆர்டர் போடுவார்கள். அதற்கு முன் ஓட்டல்களுக்கு மீன் வாங்கும் ஏஜெண்டு சொன்னதுதான் விலை. பக்கம் வந்த பிறகு அவனுடைய ஐஸ்பெட்டி வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

குப்பத்தில் சாவு விழுந்தால் ஒருவரும் கடலுக்குப் போவதில்லை. வியாபாரப் பேச்சும் அன்று கிடையாது. அவள் போனைத் தொடமாட்டாள்; முந்தின நாள் பட்டியலோ இரவோடு தானே அழிந்துவிடும். அதற்காகவே ஒரு நிபந்தனை எழுதியிருந்தேன்: பட்டியலில் மீன் இருந்தால் காட்டு, ஆர்டர் பெட்டியைத் திற, இல்லையென்றால் 'இன்று கடலுக்குப் போகவில்லை' என்று மட்டும் சொல். அவள் துக்க வீட்டில் இருக்கையில் அவளுக்குப் பதில் அந்த ஒற்றை வரி கேளம்பாக்கம் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும்.

பிறகு அலுவலகத்தில், காலி இடங்களை நிரப்பித் தரும் டெம்ப்ளேட் எஞ்சினை மாற்றினார்கள். பழையதில் காலி இடத்தைக் குறிக்க ஒற்றை வளைவு அடைப்புக்குறி; புதியதில் அதனோடு ஒரு சதவீதக் குறி. எல்லாத் தளங்களையும் ஒரு மாற்றி நிரல் விழுங்கிப் புதிய குறிகளில் துப்பியது. ஒரு பிழைச் செய்தி இல்லை. குறிகள் அத்தனையும் சரி. ஆனால் பழைய எஞ்சினுக்குக் காலிப் பட்டியல் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். புதியதற்குக் காலிப் பட்டியலும் ஒரு பட்டியல், அது இருக்கிறது, ஆகவே மீன் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆம்'.

அடுத்த சாவு வந்தபோது பக்கம் 'இன்றைய மீன்' என்று தலைப்புப் போட்டு, கீழே வெறுமையை விரித்து, ஆர்டர் பெட்டியைத் திறந்து வைத்தது. கிடைத்ததைக் கொடுங்கள் என்று ஜனங்கள் எழுதினார்கள். காத்திருந்தார்கள். மறுநாள் அவள் போன்.

"இன்னாம்மா பண்ணி வச்சிகீற? நான் சாவு வூட்ல குந்திகினு கீறேன், உன் கம்பூட்டரு மீனு கீதுன்னு கூவி வித்துகினு கீது?"

"கூடையில ஒண்ணுமில்லன்னு அதுக்குத் தெரியலக்கா. காலிக் கூடையப் பாத்தும் கூடை இருக்கேன்னு நெனச்சுக்குது."

"த்தூ. பொறந்த கொயந்தைக்குத் தெரியும்மா அது."

அன்றே அந்த வரியைக் கையால் திருத்தினேன். இருக்கிறதா என்று கேட்காதே, எத்தனை என்று எண்ணு. சரியாக வந்தது. ஆனால் தளங்களைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் அந்த மாற்றி நிரல் மறுபடி பழைய கோப்பிலிருந்தே புதியதை வார்க்கும். என் திருத்தத்தின் மேல் ஊற்றி மூடிவிடும். மாற்றி நிரலுக்குள்ளேயே திருத்த வேண்டும். மேலாளர் என்னைவிட மிகச் சின்னவன். போய்ச் சொன்னேன்.

"அக்கா, மாத்திரலாம். ஆனா அது ஒரே செட்டிங், எல்லா சைட்டுக்கும். மாத்துனா ரிசார்ட் பேஜ்ல ஆஃபர் இல்லாத நாள்ல அந்த இடமே காணாமப் போவுது. இப்ப வெறும் தலைப்பு வருது பாருங்க, ஓனருக்கு அது ரொம்பப் புடிச்சுப்போச்சு."

"வெறும் தலைப்பு பிடிச்சிருக்கா?"

"க்ளீனா கீதாம். அவரு பெரிய க்ளையண்ட்டுக்கா. மீனுக்காரம்மாவ ஒரு போன் பண்ணி சமாளிங்க."

இரண்டுக்கும் இடையே ஒரு பாலம் எழுதிப் பார்த்தேன். இந்தத் தளத்துக்கு இந்த அர்த்தம், அந்தத் தளத்துக்கு அந்த அர்த்தம். ஒன்றை இழுத்துக் கட்டினால் இன்னொன்று பிரிந்தது. கல்யாண மண்டபத்தில் தேதிகள் காணாமல் போயின. விட்டுவிடச் சொன்னார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்குப் பிறகும் அவள் பக்கத்தைத் தேடிப்போய்க் கையால் திருத்திவந்தேன், அலை வந்து போன மணலில் மறுபடி மறுபடி எழுதுகிற பைத்தியம் மாதிரி.

நான் காய்ச்சலில் படுத்திருந்த வாரம் ஒரு வெளியீடு போனது. அந்த வாரம்தான் அவள் வீட்டிலேயே சாவு. கணவனின் அண்ணன். பிணம் கிடக்கையில் போன் ஓயவில்லை. மகள் எடுத்து, அழுகையோடு யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டாள். அடுக்குமாடிக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் அவள் பெயரைப் போட்டு, இவளிடம் வாங்க வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். பக்கத்தின் படமும் கூடவே: இன்றைய மீன், கீழே ஒன்றுமில்லை.

உடம்பு தேறியதும் திருப்போரூரில் பஸ் மாறிக் கோவளம் போனேன். ஏஜெண்டின் வண்டிக்குப் பின்னால் வரிசையில், கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த வாட்டி உங்க பேஜ வேற எடத்துல ஏத்தித் தரேன். சொந்தமா. யாரும் கை வைக்க முடியாது."

"அங்க வாங்கறவன் யாரு? நீயா?" கூடையைக் காலால் முன்னே தள்ளினாள். வரிசை ஒரு ஆள் நகர்ந்திருந்தது. "ஆர்டரே இல்லம்மா. நாளு முச்சூடும் ஒண்ணு வரல. அத்த மூடிடு."

"கொஞ்ச நாள் பாத்துட்டு..."

"என்னாத்த பாக்கறது? இன்னோரு சாவா?"

ஏஜெண்டு அவள் கூடையைக் கிளறிப் பார்த்து, ஒரு தொகை சொன்னான். அவள் தலையசைத்தாள். பேரம் பேசவில்லை.

அலுவலகத்துக்கு வந்து பக்கத்தை மூடினேன். அந்த ஒரு வரியைத் திருத்த எத்தனை பேரிடம் கெஞ்சியிருக்கிறேன். மூடுவதற்கு யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.