சல்லடைக்குக் கீழே விழுந்தது

நுவரெலியாவில் நான் வேலை பார்க்கும் ஆய்வுகூடம் சிறியது. தேயிலைச் செடியின் உயிரணுக்களைக் கண்ணாடிக் குடுவைகளில், சீனியும் உப்புகளும் கலந்த கரைசலில் வளர்க்கிறோம். ஆட்டும் இயந்திரத்தின் மேல் அந்தக் குடுவைகள் ஓயாமல் சுழன்று ஆடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் அதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றியது.

தேயிலை இலையைத் தாக்கும் கொப்புள நோய் மலை முழுவதையும் பிடித்தபோது ஒரு செடி மட்டும் தப்பி நின்றது. அதன் இலையிலிருந்து ஆறு குடுவைகள் தொடங்கினேன். ஐந்தில் பூஞ்சணம் பிடித்தது. மிஞ்சிய ஒன்றும் போனால் திரும்ப வளர்க்க அரை வருடம் ஆகும். என் ஒப்பந்தம் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

வளர்ந்த அணுக்களை இடையிடையே சலிக்க வேண்டும். பொடியானவைதான் வேகமாகப் பெருகும். பெரிய கட்டிகள் நடுவில் கறுத்துப்போகும். வெளிநாட்டுச் சல்லடை வந்து சேரவில்லை. என்னோடு உதவியாளராக இருக்கும் அக்கா, முன்பு ஏழு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியில் இருந்தவர். அங்கே கழித்துப் போட்ட கம்பி வலையில் ஒரு துண்டு கொண்டுவந்தார். எவர்சில்வர் தேநீர் வடியின் வலையைப் பிடுங்கிவிட்டு, இதை வைத்து மெல்லிய கம்பியால் தைத்தோம். அதுதான் எங்கள் கண்டுபிடிப்பு.

அன்று மருந்துப் பொதி ஒன்றை எடுக்க நான் நானுஓயா ரயில் நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவுக்காகப் பதினொரு வரிப் பட்டியல் எழுதி, கிருமி புகாத சுத்தக் காற்றுப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனேன். பட்டியல் எழுதினால் எனக்கு மனம் அடங்கிவிடும்.

திரும்பி வந்து புதிய குடுவையிலிருந்து ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தேன். முட்டைக்கோஸ் மாதிரி ஒரு கட்டி கண்ணை அடைத்துக்கொண்டு நின்றது.

"அக்கா, இது சல்லடைக்கு மேல நின்னதா?"

"ஆமா மிஸ். நல்லா பெருசு பெருசா எடுத்தேன்."

"கீழ விழுந்தது?"

"அது டஸ்ட்டுதானே!"

முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். தொழிற்சாலையில் கீழே விழும் தூளுக்கு மதிப்புக் கிடையாது. ஏழு வருடக் கை அது. என் பட்டியலைப் பார்த்தேன். ஏழாவது வரி: சலிக்கவும். எட்டாவது: எடுத்துப் புதிய குடுவையில் விடவும். எதை எடுப்பது என்று பதினொரு வரியிலும் இல்லை.

"அத எங்க கொட்டுனீங்கக்கா?"

அக்கா இடுப்பில் கை வைத்தார். "கொட்டுறதா? டஸ்ட்ட யாரு மிஸ் கொட்டுவா? பெருசெல்லாம் கப்பல்ல போச்சு, டஸ்ட்டுதான் நம்ம லயத்து வீடுகளுக்கு வந்துச்சு. அதக் குடிச்சுதானே நாங்க வளந்தோம். நீங்க மட்டும் என்ன, ஹார்லிக்ஸா குடிச்சீங்க?"

பெட்டியின் மூலையில் இன்னொரு குடுவை இருந்தது. வாயில் இரண்டு சுற்று வெள்ளித்தாள். மேலே அக்காவின் எழுத்து: 'டஸ்ட் - வீட்டுக்கு.'

"வீட்டுக்கா?"

"கைப்பழக்கம் மிஸ், தானா எழுதிருச்சு. ஆனா புதுக் கரைசலும் ஊத்தி வச்சிருக்கேன். காய விடக்கூடாதுன்னு ஒம்பதாவதுல நீங்கதானே எழுதியிருக்கீங்க."

ஒன்பதாவது வரியை எழுதிய கையை நானே தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது. இரண்டு குடுவைகளையும் ஆட விட்டோம். பத்து நாளில் பெரிய கட்டிகள் பழுப்பேறின. டஸ்ட் குடுவை பாயாசம் போலக் கெட்டியாகியிருந்தது. எங்கள் அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இதிலிருந்து நான்கு குடுவை பிரியுங்கள் என்றார். நான்கையும் வளர்க்க ஆள் வேண்டுமே என்று ஒப்பந்தத்தையும் நீட்டச் சொன்னார்.

எட்டாவது வரியைத் திருத்திவிட்டேன். குடுவையின் பெயரை மாற்றவில்லை. இப்போது டஸ்ட் ஒன்று முதல் நான்கு வரை இருக்கின்றன.

மாலை எங்கள் லயத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டால் நான் அக்காவுக்கு மிஸ் இல்லை.

"ஏன் தங்கச்சி, அதுல தேத்தண்ணி போட்டா சாயம் எறங்குமா?"

"எறங்காதுக்கா."

"அப்புறம் எதுக்குடி அதப் போட்டு இந்த ஆட்டு ஆட்டுறீங்க?"