சீமாட்டி எழும்பக் கூடாது

பலெர்மோ நகரத்துக்கு வெளியே ஒரு பழைய பிரபுவின் மாளிகை. என் எசமானி சிஞ்ஞோராவும் அவருடைய நண்பர்களும் வருடத்தில் ஒரு ஞாயிறு அங்கே கூடி, அந்தக் காலத்துச் சீமான்களும் வேலைக்காரர்களுமாக உடுத்து மத்தியான விருந்து நடத்துவார்கள். யாருக்கு என்ன வேடம் என்பதைச் சீட்டு எடுத்துத் தீர்மானிப்பார்கள். இந்த முறை ஆள் குறைந்ததால் சிஞ்ஞோரா என்னையும் மகளையும் கூப்பிட்டார். அவருடைய வீட்டைக் கூட்டித் துடைக்கிற எனக்குச் சீமாட்டிச் சீட்டு விழுந்தது. அவருக்கு வேலைக்காரி. எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள்.

மகள் நான் பிழைக்க வந்த இந்த நாட்டில் பிறந்தவள், வாய்க்காரி. நான் வீட்டில் கதிரையில் இருந்து சாப்பிட்டதை அவள் கண்டதில்லை. எல்லாருக்கும் போட்டு முடித்து, குசினியில் அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொள்வதுதான் என் பழக்கம். என் பட்டுச் சட்டையின் நாடாவை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, இண்டைக்கு ஒரு நாளைக்கு, விருந்து முடியுமட்டும் எழும்பாமல் கதிரையிலை இருந்து காட்டுங்கோ. எனக்காக."

ஓம் என்றேன். சும்மா இருக்கிறதுதானே, என்ன பெரிய வேலை!

அது இவ்வளவு பாடு என்று யார் கண்டது? முழங்கால் வருத்தக்காரி சிஞ்ஞோரா, சூப் சட்டியைத் தூக்கிக்கொண்டு தடுமாறி வந்தார். என் உடம்பு தானாகக் கதிரையை விட்டுக் கிளம்பியது. எதிரே இருந்த மகள் முறைத்தாள். திரும்பக் கதிரையில் இருந்தேன். மீன் வந்து முடிந்ததும் கை சும்மா கிடக்கவில்லை. பக்கத்துச் சீமானின் சாப்பாட்டுக் கோப்பையை இழுத்து, முள்ளை வழித்து என் கோப்பையில் போட்டு, இரண்டையும் அடுக்கிவிட்டேன். மேசையே சிரித்தது. மகள் சிரிக்கவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அதற்குப் பிறகு இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டு இருந்தேன்.

கோப்பி குடித்ததும் விருந்து முடிந்தது என்றார்கள். சீமான்கள் பொய்முடியைக் கழற்றினார்கள், வேலைக்காரர்களும் அவர்களுமாகப் படம் எடுக்கத் தோட்டத்துக்குப் போனார்கள். குசினியில் கழுவாத கோப்பைகள் குவிந்து கிடந்தன. சிஞ்ஞோரா தன் ஏப்ரனை அவிழ்த்து மடித்து என் மடியில் வைத்தார். உடுப்பை மாற்றிக்கொண்டு கழுவத் தொடங்கு, நானும் வந்து துடைத்துத் தருகிறேன் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

என் முழங்கால் பாதி நிமிர்ந்தும் விட்டது. தோட்ட வாசலில் மகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தைக் கண்டதும் எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். திரும்பவும் கதிரையில் இருந்தேன். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை, சிஞ்ஞோரா என்றேன்.

என் முன்னால் இருந்த கோப்பையில் ஒன்றுமில்லை. சிஞ்ஞோரா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மகள் வந்தாள். மேசையில் சூப்போடு வைத்து மிஞ்சியிருந்த பாணைப் பிய்த்து என் கோப்பையில் வைத்தாள்.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ அம்மா, அவசரமில்லை."

சாப்பிட்டேன். பாவாடைக்குள் கால் மட்டும் எழும்பப் பார்த்துக்கொண்டே இருந்தது.