திறப்பு வருமுன் பால் காய்ச்சியவர்

வரதராஜா களவெடுக்கப் போனவர் அல்ல. பால் காய்ச்சப் போனவர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் சிட்னியில் ஒரு கடதாசி வேறுவிதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

எழுபத்துநான்காம் ஆண்டு பென்டில் ஹில்லில் அவர் வீடு வாங்கினார். திறப்பு, அதுதான் சாவி, பத்து மணிக்குத்தான் கைக்கு வரும் என்றார்கள். நல்ல நேரமோ ஏழரையோடு முடிந்துவிடும். முன்பணம் கட்டிய வீடு, ஆளில்லாத வீடு, யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று குசினி யன்னலைக் கிளப்பி உள்ளே இறங்கினார். மனைவி விமலா வெளியே நின்று மண்ணெண்ணெய் அடுப்பையும் பால்சட்டியையும் நீட்டினாள். பால் பொங்கி வழியவும் பொலிஸ் வரவும் சரியாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அழைத்திருந்தாள்.

நீதிமன்றத்தில், உள்ளே போனாயா என்று கேட்டார்கள். போனேன் என்றார். பொய் சொல்ல வராத மனுஷன். குற்றவாளி என்று எழுதித் தண்டமும் போட்டு அனுப்பினார்கள்.

நான்கு வருடம் கழித்து, வீடு விற்கும் கந்தோர் ஒன்றில் முதலாளிக்கு அவர்தான் வலக்கை. சொந்தமாக ஒரு கந்தோர் திறக்க லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பப் பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது: எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டீரா? மூன்று நாள் பேனையைத் திறந்தார், மூடினார்.

"எழுதாமல் விடுங்கோவன். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றாள் விமலா.

"பொலிஸிட்டை விசாரிப்பினம். மறைச்சா அது இன்னொரு குற்றம்."

"எழுதினா?"

"தரமாட்டினம்."

"நல்ல நேரம் பாத்துப் பால் காய்ச்சின வீடு! நல்லாத்தான் பொங்குது."

எழுதினார். பால் கதையையும் ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினார். ஆறு கிழமையில் பதில் வந்தது: பிறர் வீட்டை நம்பி ஒப்படைக்கத் தகுந்த ஆள் அல்ல. அந்த நேரம் அவர் காற்சட்டைப் பைக்குள் பிறர் வீட்டுத் திறப்புகள் ஏழு கிடந்தன.

அடுத்த மாதம் கல்யாணசுந்தரம் என்பவர் அவர் மூலம் ஒரு வீடு வாங்கினார். திறப்புக் கொடுக்கும் நாளுக்கு முதல்நாள் கந்தோருக்கு வந்தார்.

"அண்ணை, நாளைக்கு ஆறு மணிக்கு நல்ல நேரம். திறப்பு உங்களிட்டைத்தானே கிடக்கு?"

"பத்து மணிக்குத்தான் தரலாம்."

"நீங்களும் எங்கட ஆள்தானே!"

"ஓம் தம்பி. அதாலதான் சொல்லுறன், வேற நாள் பாரும்."

கல்யாணசுந்தரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனார். வரதராஜாவுக்கு மனம் ஆறவில்லை. விடிய ஐந்தரைக்கே அந்த வீட்டுக் குசினி யன்னலடியில் போய் நின்றார். சொல்லிவைத்தாற்போல் கல்யாணசுந்தரம் சட்டியோடு வந்தார்.

"திறப்போட வந்திட்டியளோ அண்ணை!"

"திறக்க வரேல்லை. உம்மை யன்னலாலை ஏறவிடாமல் நிக்க வந்தனான்."

திறப்பு பைக்குள் தொடையில் குத்திக்கொண்டிருந்தது. பத்து மணிவரை அவர் அசையவில்லை.